நான்காம் படியில் ஆளில்லை

பினாங்குத் தண்ணீர்மலையின் உச்சிக்கு 513 படிகள். கந்தன் நிமிடத்துக்கு 19 படிகள் ஏறுகிறான். முருகன் சன்னிதிக்குப் போய்ச் சேர அவனுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

நம் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். டியூசன் போகிற பிள்ளை பென்சிலை எடுத்த வேகத்தில் 27 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிடும். விடை சரி, முழு மதிப்பெண். ஆனால் யார் இந்தக் கந்தன்? முதல் படியில் என்ன வேகமோ அதே வேகம்தான் 513ஆம் படியிலும். மூச்சு வாங்காது, தொண்டை வறளாது, முன்னால் பால்குடத்தோடு நிற்கும் பாட்டிக்கு வழிவிட வேண்டியதும் இல்லை. தைப்பூசத்தன்று அந்தப் படிகளில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: நிமிடம் தவறாமல் 19 படி ஏறுகிறவன் தாய் வயிற்றில் பிறந்தவன் அல்ல, கேள்வித்தாளில் பிறந்தவன்.

"நிஜமாகவே 27 நிமிடத்தில் ஏறிவிடலாமா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அது உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். கணக்குப் பாடத்தில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்பது அந்தப் பார்வையின் பொருள். மூன்று நான்கு ஆண்டுகள் பள்ளிக்கு அனுப்பி நாம் ஊட்டிய ஞானம் அது.

பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆய்வாளர்கள் 1980 வாக்கில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு குறும்புக் கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, தலைவனுக்கு ஒரு வயதும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் சிரிக்க வேண்டாம். ஊர்வலத்தில் 26 காவடிகளும் 10 பால்குடங்களும் வந்தன, பூசாரியின் வயது என்ன என்று நம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கேட்டால் வேறு விதமாக நடக்கும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம் இருக்கும். நம் பிள்ளைகள் 36 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'வயது' என்று அலகும் எழுதுவார்கள். அலகு இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடுமே!

இதைப் பிள்ளையின் மண்டைக் கோளாறு என்று நினைத்தால் நாம்தான் முட்டாள்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை அப்படியே செய்கிறது. பிரச்சனைக் கணக்கை முழுக்கப் படிக்காதே, சொல்லைத் தேடு. 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு. 'மீதம்' என்று வந்தால் கழி. 'ஒவ்வொருவருக்கும்' என்று வந்தால் வகு. 'அதிகம்' என்றால் கூட்டு, 'குறைவு' என்றால் கழி. டியூசன் சுவர்களில் வண்ண வண்ணமாகத் தொங்கும் மந்திரம் இது. இந்த மந்திரத்தை வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்கைப் போடுங்கள்.

ராஜா 15 தேங்காய் உடைத்தான். அது குமார் உடைத்ததைவிட 6 அதிகம். குமார் எத்தனை உடைத்தான்?

'அதிகம்' கண்ணில் பட்டதும் கை தானாகக் கூட்டும். 21. குறைவாக உடைத்த குமார் ராஜாவை மிஞ்சிவிட்டான். கேள்வியும் சாகவில்லை, பிள்ளையும் சாகவில்லை, பொது அறிவுதான் செத்தது.

இப்போது சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டுப் படம் போடச் சொல்லுங்கள். ராஜாவுக்கு நீளமாக ஒரு பட்டை, அதன்மேல் 15. கீழே குமாருக்கு ஒரு பட்டை. அதை நீளமாகப் போடுவதா, குட்டையாகப் போடுவதா? இந்த ஒரு கேள்வியில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. அதிகம் உடைத்தவன் ராஜா. ஆக, குமாரின் பட்டைதான் குட்டை. குட்டையாகப் போன துண்டு 6. மிச்சம் 9. பட்டையைத் தன் கையால் போட்ட பிள்ளையின் வாயில் 21 என்ற எண் வரவே வராது. இன்னொன்று: ராஜா குமாரைப்போல் 3 மடங்கு உடைத்தான், இருவரும் சேர்ந்து 48. குமாருக்கு ஒரு பெட்டி, ராஜாவுக்கு அதே அளவில் மூன்று பெட்டி. நான்கு பெட்டி 48 என்றால் ஒரு பெட்டி 12. குமார் 12, ராஜா 36. இடைநிலைப் பள்ளியில் எக்ஸ் என்றும் வை என்றும் சொல்லிப் பயமுறுத்தப்போகும் இயற்கணிதத்தை ஒன்பது வயதுப் பிள்ளை நான்கு பெட்டிகளில் பார்த்துவிட்டது. இதற்குக் கணினி வேண்டாம், திரை வேண்டாம், அமைச்சர் வந்து குத்துவிளக்கு ஏற்றவும் வேண்டாம். ஒரு பென்சில் போதும். சிக்கலே அங்கேதான்: பென்சிலுக்குக் குத்தகை விட முடியாது.

பிரச்சனைக் கணக்கைத் தீர்க்க நான்கு படிகள் என்று நம் பள்ளிகளில் எல்லாருக்கும் தெரியும். புரிந்துகொள், திட்டமிடு, செயல்படுத்து, சரிபார். புடாபெஸ்டில் பிறந்த ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945இல் வெளியிட்ட நூலில் வகுத்த வழி. மலேசியக் கணிதப் பாடத்திட்டம் அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டது. ஏழு வயதுப் பிள்ளையும் இந்த நான்கு படி ஏறித்தான் வரவேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. நல்ல கட்டளைதான். கட்டளை போட்டவர்கள் அதே நான்கு படிகளில் எப்படி ஏறினார்கள் என்று பார்ப்போம்.

முதல் படி, புரிந்துகொள்ளல். 2002இல் நாட்டின் தலைமை ஒரு பிரச்சனையைக் கண்டுபிடித்தது: பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை. தீர்வு: கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்து. பல் வலிக்குக் காலில் கட்டுப் போட்ட வைத்தியம். 2003 சனவரியில் பி.பி.எஸ்.எம்.ஐ. என்ற பெயரில் திட்டம் வந்து இறங்கியது; கூடவே மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. சீனப் பள்ளிக்காரர்கள் பேரம் பேசினார்கள். ஆங்கிலத்தோடு தங்கள் மொழியிலும் கணக்கை வைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பள்ளிகளுக்குப் பேச வேண்டிய பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள்? முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். வீட்டில் 'கால் கிலோ', 'அரை டசன்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்குப் போய், கால் என்பதையே தெரியாத மொழியில் முதலிலிருந்து கற்றது. கணக்கில் தவறியதா, மொழியில் தவறியதா என்று அதற்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. 2009 சூலை 8ஆம் நாள் அதே அரசு, இது சரிப்படவில்லை, பழையபடி மாற்றுகிறோம் என்றது. ஆறாண்டுப் பிள்ளைகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கொஞ்சம் ஆறப்போட்டு, 2016இல் இருமொழித் திட்டமான டி.எல்.பி. என்ற புதுச் சட்டையில் அதே பூதம் திரும்பி வந்தது.

இரண்டாம் படி, திட்டமிடல். இதில் நம்மை அடிக்க ஆளில்லை. 2012இல் பிசா என்ற உலகச் சோதனை, கணக்கோடு கூடப் பிரச்சனை தீர்க்கும் திறனையும் தனியாகச் சோதித்தது. மலேசியப் பிள்ளைகள் 422 புள்ளி, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 562. அந்தக் காலத்தில் நம் திட்டத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. உயர்நிலைச் சிந்தனைத் திறன் வந்தது. ஐ-திங்க் வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டுக் கற்றல் வந்தது. ஐ-திங்க் என்றால் எட்டு வகை வரைபடங்கள்: வட்டம், குமிழி, இரட்டைக் குமிழி, மரம், பாலம், நிரலொழுங்கு என்று போகும். சிந்திப்பதற்கு உதவ வந்த எட்டு, வந்த வேகத்தில் வாய்ப்பாடு ஆகிவிட்டது. எந்தப் பாடத்துக்கு எந்தக் குமிழி என்று ஆசிரியர் மனப்பாடம் செய்ய, எந்தக் குமிழிக்கு எந்த வண்ணம் என்று பிள்ளை மனப்பாடம் செய்ய, முக்கால், மூன்றில் இரண்டு இவற்றில் எது பெரிது என்ற கேள்வி மட்டும் குமிழிக்கு வெளியே அநாதையாக நின்றது. ஒரே அளவில் இரண்டு தாளை எடுத்து, ஒன்றை நான்காகவும் மற்றதை மூன்றாகவும் மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணே பதில் சொல்லிவிடும். ஆனால் மடித்த தாளுக்கு எட்டில் எந்த வரைபடம் என்று தெரியாததால் நாம் மடிக்கவில்லை.

2016இல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வின் முகம் மாறியது. சிந்தனைக் கேள்விகள் கூடின. அதற்கு முந்தைய ஆண்டு நாடு முழுவதும் 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கியிருந்தார்கள். 2016இல் 4,896 பேர். நூற்றுக்கு ஒருவர் சொச்சம். ஒரே ஆண்டில் நாட்டுப் பிள்ளைகளின் மூளை வற்றிவிடாது. ஆக, முந்தைய ஆண்டுகளில் நாம் ஊர் கூடி மாலை போட்டது மூளைக்கா, மனப்பாடத்துக்கா? அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. புத்தகக் கடைகளில் 'உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளும் விடைகளும்' வந்து குவிந்துவிட்டன, அதை வாங்கப் போக வேண்டியிருந்தது. சிந்தனை, கடைசிப் பக்கத்தில் விடையோடு, மூன்று புத்தகம் வாங்கினால் கழிவோடு.

பெரியவர்களுக்குப் பிரச்சனை தீர்க்கவே தெரியாது என்று சொன்னால் பாவம். 2014இல் யு.பி.எஸ்.ஆர். கேள்வித்தாள் கசிந்து பிள்ளைகள் மறுதேர்வு எழுதினார்களே, மறந்துவிட்டீர்களா? விடையிலிருந்து பின்னோக்கி வருவது என்று கணித நூல்கள் ஓர் உத்தியைச் சொல்லும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டியவர்கள் பெரியவர்கள்தான்.

மூன்றாம் படி, செயல்படுத்தல். இதை விளக்க ஒரு கணித வகுப்புக்குள் போவோம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் உள்ளே வருகிறார். நாள் பாடத்திட்டத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். வருகையைப் பதிய வேண்டும். பிள்ளைகள் குழுவாக உட்கார வேண்டும், இருபத்தோராம் நூற்றாண்டு அல்லவா? குழு உட்கார்ந்ததைப் படம் எடுக்க வேண்டும். குழு சிந்திப்பதைப் படம் எடுக்க வேண்டும். சிந்தித்த மணிலா அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கட்டை விரலைக் காட்டுவதைப் படம் எடுக்க வேண்டும். மூன்று படத்தையும் புலனக் குழுவில் போட்டால் தலைமையாசிரியர் கைகூப்புவார், மாவட்ட அலுவலகம் கட்டை விரல் காட்டும். பாடத்தில் பிள்ளை போட வேண்டிய ஒரு படத்தைத் தவிர, எல்லாப் படமும் அந்த அரை மணி நேரத்தில் எடுத்தாயிற்று.

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு, பிள்ளைகள் கிறுக்குவதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற ஆசிரியர்தான் உண்மையில் பிரச்சனை தீர்த்தலைக் கற்பிக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் எவன் ஆய்வுக்கு வந்தாலும் அவர் செத்தார். வகுப்பில் சத்தமில்லை, துள்ளலில்லை, பலகையில் ஒரே ஒரு கணக்கு. ஆய்வுப் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது. பக்கத்து வகுப்பில் முப்பது கணக்கை எழுதிப்போட்டு விடையும் எழுதிப்போட்டவருக்குத்தான் நட்சத்திரம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீதியில் பட்டாசு வெடிக்காததுதான் குறை. இப்போது வகுப்பறை மதிப்பீடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அடைவுநிலை 1 முதல் 6 வரை. தேர்வு போனதும் சிந்தனை வரும் என்று காத்திருந்தோம். வந்தது எக்செல் அட்டவணை. ஒன்று போட்டால் ஏன் ஒன்று என்று ஆசிரியர்தான் விளக்கம் எழுத வேண்டும். ஆறு போட்டால் ஆதாரம் கேட்பார்கள். மூன்று, நான்கு போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாடெங்கும் மூன்றும் நான்குமாகப் பிள்ளைகள் பெருகியிருந்தால் அதற்குக் கணிதக் காரணம் தேட வேண்டாம்.

இனி நான்காம் படி, சரிபார்த்தல். விடை வந்தபின் திரும்பிப் பார். இது பொருந்துகிறதா என்று கேள். பிள்ளை இதைச் செய்யாவிட்டால் மதிப்பெண் போகும். நாடு செய்யாவிட்டால் எதுவும் போகாது.

சரி, அவர்களுக்காக நாமாவது திரும்பிப் பார்ப்போம். டிம்ஸ் என்ற உலகக் கணிதச் சோதனையில் மலேசியாவின் எட்டாம் நிலை மாணவர்கள் 1999இல் எடுத்தது 519 புள்ளி. 2003இல் 508. 2007இல் 474. 2011இல் 440. அதன்பின் கொஞ்சம் எழுந்து 465, 461. 2023இல் 411. அதே 2023இல் பாலம் தாண்டி இருக்கும் சிங்கப்பூர் 605. பிசாவிலும் 2022இல் நம் கணிதப் புள்ளி 409. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நாடுகளின் சராசரி 472. இது எல்லா மொழிப் பள்ளிகளிலிருந்தும் போன பிள்ளைகளின் கணக்கு, தமிழ்ப் பள்ளி மட்டும் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் நடக்கும் சோதனைகள் என்பதும் உண்மை. ஆனால் பதினான்கில் இடிந்து விழுகிற சுவருக்கு அடித்தளம் ஏழில் போட்டதுதான். 2015 பிசாவில் மட்டும் நமக்கு 446 வந்தது. கொண்டாடலாம் என்று எழுந்தால், தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பாதிதான் கணக்கில் வருகிற அளவுக்குப் பதில் அனுப்பியிருக்கிறது, இந்த எண்ணை மற்றவர்களோடு ஒப்பிட முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். விடை தெரியாத கேள்விகளை விட்டுவிட்டு எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை நாமே செய்து காட்டினோம் போலிருக்கிறது.

சிங்கப்பூர்க்காரன் மூளை தங்கத்தில் செய்ததல்ல. 1980களில் அவர்களுக்கும் இதே நோய்தான்: பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள், பிரச்சனைக் கணக்கில் விழுவார்கள். அவர்களுடைய பாடத்திட்ட நிலையத்தில் கோ தெக் ஹோங் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண் என்ற வரிசையை எடுத்துக்கொண்டது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன வரிசைதான். நான் மேலே தேங்காயை வைத்துப் போட்டேனே, அந்தப் பட்டை முறையை நாடு முழுதும் பாடநூலில் ஏற்றினார்கள். 1992இல் பிரச்சனை தீர்த்தலையே கணிதப் பாடத்தின் நடு மையத்தில் வைத்தார்கள். அதன்பின் அமைச்சர்கள் மாறினார்கள், பட்டை மாறவில்லை. அங்கேயும் டியூசன் பைத்தியம் உண்டு, சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வழியைப் பிடித்தார்கள், நாற்பது ஆண்டு விடவில்லை, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அதை நகலெடுக்க நாம் ஆள் அனுப்பினால், அவர் ஐந்து நட்சத்திர விடுதியின் படத்தோடுதான் திரும்பி வருவார்.

அரசை அடித்தது போதும். கம்பை நம் பக்கம் திருப்புவோம்.

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதாம். 2016இல் இந்த நாட்டுத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று மேடை போட்டு மாலை மாற்றினோம். அதே 2016இல்தான் டி.எல்.பி. வந்தது, அதே 2016இல்தான் அந்த 4,896ம் வந்தது. மூன்றையும் ஒரே மேடையில் வைத்துப் பேசிய பேச்சாளர் ஒருவரையும் நான் கேட்கவில்லை. தாய்மொழியில்தான் கணக்கு வேண்டும் என்று போராடினோம். சரியான போராட்டம், நாளை மறுபடியும் வந்தால் மறுபடியும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் தமிழில் கணக்கைத் திரும்ப வாங்கி வந்து என்ன செய்தோம்? ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைத் தமிழில் மனப்பாடம் செய்தோம். எந்த மொழியில் கணக்கு என்று இருபது ஆண்டுக்கு மேல் சண்டை போட்ட சமூகம், பிள்ளைக்குக் கணக்குக் கண்ணில் தெரிகிறதா என்று ஒரு நாள் மாலைகூட உட்கார்ந்து பேசவில்லை.

நமக்கு வேறு பெரிய பிரச்சனைகள் இருந்தன. 2017 தைப்பூசத்திலிருந்து பினாங்கில் இரண்டு தேர். 1894ஆம் ஆண்டின் வெள்ளித் தேர் ஒன்று, புதிய தங்கத் தேர் ஒன்று. எது முன்னால் போவது, எது யாருடையது, எது எப்போது புறப்படுவது! நேரம், தூரம், வேகம் மூன்றையும் வைத்து இவ்வளவு ஆழமாக நம் சமூகம் சிந்தித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தச் சிந்தனையில் பத்தில் ஒரு பங்கு நான்காம் ஆண்டுக் கணித வகுப்புக்கு வந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

மேடை ஏறினால் நாம் எல்லாரும் இராமானுஜன் வாரிசுகள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, அவ்வளவு நுணுக்கமாக எண்ணிய இனம் நம் இனம் என்று மார் தட்டுவோம். வெள்ளித் தேரைக் கொண்டுவந்த செட்டியார்கள் அந்தப் பின்னங்களை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் பினாங்கு வீதியில் கடை நடத்தினார்கள், உண்மை. திண்ணைப் பள்ளியில் அதைப் பிரம்படியோடு நெட்டுருப் போட்டார்கள் என்பதும் உண்மை. சரி, பெருமை பேசுகிறவர் ஒரு தாளை எடுக்கட்டும். நீளவாக்கில் 20 பங்கு. ஒரு பங்கு மா. குறுக்கே 16 பங்கு. ஒரு பங்கு வீசம். இப்போது கட்டம் 320. ஒரு கட்டம்தான் முந்திரி. அப்படி நான்கு கட்டம் சேர்ந்தால் காணி, எண்பதில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் ஏன் சிறுக்கிறது என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை முழிக்கிறதே, அதற்கு இந்த ஒரு தாள் மருந்து. பாட்டன் சொத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஒரு தாளில் கோடு போட்டுப் பிள்ளைக்குக் காட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

பினாங்கு, உலகத்துக்கே சில்லு செய்து அனுப்புகிற தீவு. இண்டெல் 1972இலேயே பாயான் லெப்பாசில் கடை விரித்துவிட்டது. அந்த ஆலைகளில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிற தாய் தகப்பன், சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து டியூசனுக்குக் கொட்டுகிறார்கள். பணம் இருக்கிற பிள்ளைக்கு மந்திரச் சொல் மூன்று இடத்தில் கிடைக்கிறது. இல்லாத பிள்ளைக்குக் 'கணக்கில் பின்தங்கியவன்' என்ற பட்டம் கிடைக்கிறது. அந்தப் பின்தங்கியவன் சாயங்காலம் பாசார் மாலம் இரவுச் சந்தையில் தகப்பன் கடையில் நிற்கிறான். மூன்று ரிங்கிட் அறுபது சென் வீதம் நான்கு பொட்டலம், இருபது ரிங்கிட் நோட்டு. மீதி ஐந்து ரிங்கிட் அறுபது சென் என்று வாடிக்கையாளர் பையை எடுக்கும் முன் கையில் வைக்கிறான். காலையில் அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் விழிக்கிறான்.

இது நான் சும்மா சொல்வதல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். கடையில் கேட்டபோது நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைப் பிள்ளைகளை வைத்து 2025இல் வந்த ஆய்வும் அதையே சொன்னது. பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் சேர்த்துச் சொன்னது. தெருவில் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு கண்ணால் தெரிகிறது: பொட்டலம் தெரிகிறது, நோட்டு தெரிகிறது, ஏமாந்தால் தகப்பன் முகம் எப்படி மாறும் என்பதும் தெரிகிறது. அவனிடம் இருந்த கணக்கைப் பள்ளி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொன்னது யார்? நாம்தான். அதன்பின் அவனுக்கு மறுவாழ்வு வகுப்பு நடத்தி, அதையும் படம் எடுத்துப் போட்டோம்.

ஒரு கசப்பான வேடிக்கை சொல்கிறேன். 150 பேருக்கும் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள். தமிழ்ப் பள்ளிகளில் அப்படிப்பட்டவை ஏராளம். வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்களே என்று வெட்கப்படுகிறோம், மூடிவிடுவார்களோ என்று நடுங்குகிறோம். ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் குனிந்து பார்த்து, 'இந்தப் பட்டையை ஏன் நீளமாகப் போட்டாய்?' என்று கேட்க வேண்டிய பாடத்துக்குப் பன்னிரண்டு பேர் வகுப்பைவிட வரம் ஏது? பணக்கார நாடுகள் கோடி கொட்டி உண்டாக்க நினைக்கும் வகுப்பறை நம்மிடம் இலவசமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாற்பது பேர் வகுப்பின் மனப்பாடத்தை நடத்துகிறோம்.

ஆகவே பெற்றோரே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் குளிர்சாதனப் பெட்டி, பேருந்துக் கட்டணம், ஆண்டு விருந்து எல்லாம் பேசி முடித்தபின் கையைத் தூக்குங்கள். இந்த வாரம் என் பிள்ளை கணக்குப் பாடத்தில் எத்தனை கணக்குப் போட்டது என்று கேட்காதீர்கள். எந்த ஒரு கணக்குக்குத் தானாகப் படம் போட்டது, அந்தப் படம் எங்கே என்று கேளுங்கள். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மணிலா அட்டையை அல்ல, அழித்து அழித்து அழுக்கேறிய தாளை. அப்படி ஒரு தாளைக் காட்டும் ஆசிரியரிடம் யாராவது படிவம் கேட்டு வந்தால், குறுக்கே போய் நில்லுங்கள். வீட்டில் பிள்ளை 27 என்று சொன்னால் கை தட்டாதீர்கள். எப்படித் தெரியும், வரைந்து காட்டு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னொரு புதிய பாடத்திட்டம் கொண்டுவருவதற்கு முன், பழையதில் எது பலித்தது, எது பாழாய்ப் போனது என்று கணக்குக் காட்டுங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் நீங்கள் கேட்கும் சரிபார்ப்பை 1999 முதல் நீங்கள் செய்யவில்லை. 519இலிருந்து 411க்கு இறங்கியது பிள்ளைகளின் மதிப்பெண் அல்ல, உங்களுடையது.